பால் 2 மில்லி, மருந்து 0.15 மில்லி: என்ஐசியு செவிலியர் கேள்வி–பதில்

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) வேலை பார்ப்பவர்களும் அந்த வேலைக்குப் போகவிருப்பவர்களும் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு, இந்தப் பிரிவில் நெடுநாள் பணியாற்றும் செவிலியர்கள் பதில் தருகிறார்கள். மருந்துக் கணக்குகள் கணக்கு புரிவதற்காக மட்டுமே. உங்கள் குழந்தைக்கு மருத்துவர் எழுதிய ஆர்டரையும் உங்கள் யூனிட்டின் நெறிமுறையையும்தான் பின்பற்ற வேண்டும்.

அடுத்த மாதம் என்ஐசியுவில் வேலைக்குச் சேர்கிறேன். வென்டிலேட்டரையும் பம்புகளையும் பார்த்தாலே கை நடுங்குகிறது. முதல் வாரத்தில் எதைக் கற்றுக்கொள்வது?
— வாசகி, திருநெல்வேலி

வென்டிலேட்டர் மெல்ல வரும், அதை இப்போது விட்டுவிடுங்கள். முதல் வாரத்துக்கு இரண்டே பாடம்: கை கழுவுவது, குழந்தையின் உடம்புச் சூடு. குறைமாதக் குழந்தைகளைச் சத்தமில்லாமல் கொண்டுபோவது தொற்றும் குளிரும்தான்.

உள்ளே நுழையும்போது வாட்ச், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை 2 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையையும் தொடும் முன்பும் தொட்ட பின்பும் ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்), 20 முதல் 30 விநாடி, கை நன்றாகக் காயும் வரை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சறுக்குகிறோம். எங்கே என்றால், ஹேண்ட்ரப் போட்ட கையோடு மானிட்டர் பட்டனை அமுக்கி, பேனாவை எடுத்து கேஸ் ஷீட்டில் எழுதி, அதே கையைக் குழந்தையின் மேல் வைக்கும் இடத்தில். குழந்தையைத் தொடுவதற்கு முன் உங்கள் கை கடைசியாகச் செய்த காரியம் ஹேண்ட்ரப்பாக இருக்கட்டும்.

அக்குளில் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 36.5க்குக் கீழே போனாலே குழந்தை தன்னைச் சூடாக்கிக்கொள்ள ஆக்சிஜனையும் சர்க்கரையையும் எரிக்கத் தொடங்கிவிடும். பிறகு சுகர் விழும், மூச்சுத் திணறல் கூடும். தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே உங்கள் புறங்கை சொல்லிவிடும்: வயிறும் பாதமும் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லென்று இருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி வார்மர், அதாவது குழந்தையை மேலிருந்து சூடாக்கும் கருவி. தானியங்கி முறையில் அது முழுக்க முழுக்கத் தோலில் ஒட்டிய ப்ரோப்பை (சூட்டை அளக்கும் உணரியை) நம்பித்தான் ஓடுகிறது. குழந்தை மல்லாந்து படுத்திருந்தால் வயிற்றின் வலது மேற்பக்கம், கல்லீரல் இருக்கும் இடத்தில் ஒட்டுவார்கள். எலும்பின் மேல் ஒட்டக்கூடாது. ப்ரோப் கழன்று காற்றில் தொங்கினால் 'குழந்தை குளிர்ந்துவிட்டது' என்று வார்மர் நினைத்து ஹீட்டரை முழு வேகத்தில் எரிக்கும், குழந்தை வெந்துபோகும். குழந்தை ப்ரோப்பின் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டால் நடப்பது நேர்மாறு: ப்ரோப் சூடாகி, ஹீட்டர் நின்று, குழந்தை குளிர்ந்துகொண்டே போகும். இரண்டு நிலையிலும் திரையில் ஏதோ ஓர் எண் தெரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறை பக்கத்தில் போகும்போதும் ப்ரோப்பை விரலால் தொட்டுப் பாருங்கள். குறித்த நேரத்துக்கு அக்குளிலும் தெர்மாமீட்டர் வையுங்கள்.

எடை பார்க்கும் தட்டில் சூடான துணி விரிப்பது, ஈரமான நாப்கினை உடனே மாற்றுவது, தொப்பி, மேலே ஃபேன் ஓடாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவும் கைவந்துவிட்டால் முதல் வாரம் வீண்போகவில்லை.

மருந்து எடுக்கும்போது புள்ளி மாறிவிடுமோ என்ற பயம் தூக்கத்திலும் வருகிறது. பெரியவர்கள் வார்டிலிருந்து மாற்றலாகி வந்தவள் நான்.
— ஸ்டாஃப் நர்ஸ், விழுப்புரம்

அந்தப் பயம் நல்ல பயம். பெரியவர்கள் வார்டில் ஆம்பூலை உடைத்து முழுதாக ஏற்றிப் பழகிய கைக்கு இங்கே ஆம்பூலின் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

ஒரு கணக்கு போடுவோம். குழந்தை 1.2 கிலோ. ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி. என்று ஆர்டர். 1.2 × 5 = 6 மி.கி. கையில் இருப்பது 2 மில்லியில் 80 மி.கி. உள்ள ஆம்பூல், அதாவது 1 மில்லியில் 40 மி.கி. 6 ÷ 40 = 0.15 மில்லி. புள்ளி ஓரிடம் நகர்ந்து 1.5 மில்லி போய்விட்டால் அது 60 மி.கி., பத்து மடங்கு. இந்த மருந்து அளவு மீறினால் சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படும். 1.5 மில்லி என்பது பார்வைக்கு மிகச் சாதாரண அளவு, யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படாமல் போகிறது.

0.15 மில்லியை நேரடியாக இழுப்பதும் சரியல்ல. சிரிஞ்சின் முனையிலும் ஊசியின் அடியிலும் தங்கும் மருந்தே அந்த அளவில் ஒரு பெரிய பங்கு. அந்த சிரிஞ்சிலேயே சலைனை இழுத்துக் கலந்தால், தங்கியிருந்த மருந்தும் சேர்ந்து உள்ளே போகும். எனவே நீர்க்கச் செய்யுங்கள்: ஆம்பூலிலிருந்து 1 மில்லி எடுத்து 3 மில்லி நார்மல் சலைன் சேர்த்தால் 4 மில்லியில் 40 மி.கி., 1 மில்லிக்கு 10 மி.கி. வேண்டிய 6 மி.கி.க்கு 0.6 மில்லி. இந்த அளவைக் கண்ணாலும் சரிபார்க்கலாம், 1 மில்லி சிரிஞ்சால் துல்லியமாகவும் எடுக்கலாம்.

எழுதுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ".5" என்று எழுதினால் புள்ளி அழிந்து 5 ஆகும், "0.5" என்றே எழுதுங்கள். "5.0" என்று எழுதினால் 50 என்று படிப்பார்கள், வெறும் "5" போதும். இரண்டு செவிலியர் சரிபார்ப்பது என்றால், நீங்கள் போட்ட கணக்கைக் காட்டி "சரிதானே அக்கா?" என்று கேட்பதல்ல. அவர் ஆர்டரைப் பார்த்துத் தனியாகக் கணக்குப் போட வேண்டும், இருவர் விடையும் ஒன்றாக வர வேண்டும்.

மூச்சு நிற்காமலிருக்கக் கொடுக்கும் காஃபீனில் இன்னொரு குழி உண்டு. 20 மி.கி. காஃபீன் சிட்ரேட்டில் உள்ள காஃபீன் 10 மி.கி. மட்டுமே. ஆர்டர் எதைக் குறிக்கிறது, பாட்டில் லேபிள் எதைச் சொல்கிறது என்று பார்க்காவிட்டால் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ போய்விடும்.

மொத்த நீரளவிலும் இதே கவனம் வேண்டும். அதே 1.2 கிலோ குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 80 மில்லி என்றால் 96 மில்லி, மணிக்கு 4 மில்லி. லைன் அடைக்காமலிருக்க ஒரு நாளில் ஆறு முறை 1 மில்லி சலைன் ஃப்ளஷ் போட்டால் கிலோவுக்கு 5 மில்லி கணக்கில் வராமல் உள்ளே போயிருக்கும். ஃப்ளஷ்ஷையும் இன்டேக்கில் எழுதுங்கள்.

சாச்சுரேஷன் அலாரம் அடித்தால் ஆக்சிஜனைக் கூட்டுகிறோம். அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது. இது எவ்வளவு தவறு?
— வாசகர், சேலம்

கூட்டுவதில் தவறில்லை, விட்டுவிடுவதில்தான் இருக்கிறது. குறைமாதக் குழந்தை ஆக்சிஜனில் இருக்கும்போது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு, 90 முதல் 95 சதவீதம் வரை நிற்க வேண்டும். 100 என்று தெரிந்தால் நமக்கு நிம்மதி. ஆனால் வளர்ந்து முடியாத விழித்திரை ரத்தக் குழாய்களுக்கு அது நஞ்சு. ஆர்ஓபி என்னும் விழித்திரை நோய் முற்றினால் பார்வை போய்விடும். ஆகவே ஆக்சிஜனில் இருக்கும் குழந்தைக்கு அலாரத்தின் மேல் எல்லையை 95இல் வையுங்கள், அணைத்து வைக்காதீர்கள். சாதாரணக் காற்றில் இருக்கும் குழந்தைக்கு 99, 100 வந்தால் கவலையில்லை.

அலாரம் அடித்ததும் முதலில் குழந்தையைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? உதடு என்ன நிறம்? மானிட்டரில் அலை ஒழுங்காக இருக்கிறதா, சாச்சுரேஷன் ப்ரோப் காட்டும் துடிப்பும் ஈசிஜி காட்டும் துடிப்பும் ஒன்றா? அலை உடைந்து, குழந்தை இளஞ்சிவப்பாகக் கிடந்தால் ப்ரோப்பைச் சரிசெய்யுங்கள். மூச்சே இல்லையென்றால் பாதத்தையோ முதுகையோ மெல்லத் தேய்த்து எழுப்புங்கள், கழுத்து மடங்கியிருந்தால் நிமிர்த்துங்கள், சளி இருந்தால் முதலில் வாய், பிறகு மூக்கு என்று உறிஞ்சுங்கள். மூக்கில் முதலில் வைத்தால் குழந்தை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும், வாயில் கிடப்பது நுரையீரலுக்குள் போய்விடும். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பேக் மாஸ்க்கால் காற்று கொடுங்கள். ஆக்சிஜனைக் கூட்டினால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், மேலே வந்தவுடன் அதே போலக் குறைத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

20 விநாடி மூச்சு நின்றாலோ, அதற்குக் குறைவாக நின்று துடிப்பும் சாச்சுரேஷனும் விழுந்தாலோ அது ஆப்னியா. நேரம், எத்தனை விநாடி, தானாக மீண்டதா தேய்த்ததில் மீண்டதா என்று எழுதுங்கள். நேற்று இரண்டு முறை வந்தது இன்று எட்டு முறை வருகிறது என்றால் அது வெறும் குறைமாதக் கோளாறு அல்ல. தொற்று, சுகர், குளிர், ரத்தக் குறைவு எல்லாவற்றையும் தேட வேண்டிய நேரம் அது. எழுதி வைத்தவர் இருந்தால்தான் எட்டு என்பது தெரியவரும்.

இன்னொன்று. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் 2 முதல் 3 வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் தேதியைக் கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதினால் அது உங்களோடு தங்கிவிடும். அம்மாவின் கையில் உள்ள அட்டையில் எழுதி, வாய் திறந்தும் சொல்லுங்கள்.

சிபாப்பில் இருக்கும் குழந்தைகளின் மூக்கு புண்ணாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

சிபாப் கருவி தொடர்ந்து அழுத்தத்தோடு தரும் காற்றை மூக்குக்குள் விடும் குழாய் முனைதான் ப்ராங். அது மூக்கின் நடுத்தண்டில் அழுந்துவதால் வரும் புண் இது. தண்டுக்கும் ப்ராங்குக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். சின்ன ப்ராங் போட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு: காற்று கசியும், கசிவை அடைக்க உள்ளே தள்ளிக் கட்டுவோம், தண்டு நசுங்கும். துவாரத்தை நிறைக்கும், ஆனால் வெளுக்க வைக்காத அளவு எதுவோ அதுதான் சரி. முதலில் வெளுக்கும், பிறகு சிவக்கும், பிறகு கறுக்கும். வெளுப்பிலேயே பிடித்துவிட்டால் மூக்கு தப்பிக்கும். குறித்த இடைவெளியில் கழற்றிப் பாருங்கள்.

குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில் மூழ்கியிருக்கும் பபிள் சிபாப்பில் குமிழி நின்றால் எங்கோ கசிகிறது. குழந்தை வாயைத் திறந்து வைத்திருக்கலாம். ட்யூபில் தேங்கிய தண்ணீரைக் குழந்தையின் பக்கம் சாய்க்காமல் வடியுங்கள். பாட்டிலில் நீர்மட்டம் ஏறினால் அழுத்தமும் ஏறிவிடும், 5 செ.மீ. என்று ஆர்டர் இருக்க 7 ஓடிக்கொண்டிருக்கும். வயிற்றில் காற்று சேராமல் வாய்வழி ட்யூபைத் திறந்தே வையுங்கள்.

வென்ஃபிளான் (ரத்தக் குழாயில் போடும் ஊசிக் குழாய்) போட்ட இடம் வீங்கி, தோல் கறுத்து உரிந்துவிட்டது. பம்ப் அலாரம் அடிக்கவே இல்லையே?
— ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு

அடிக்காது. மணிக்கு 4 மில்லி போகும் இடத்தில் திசுவுக்குள் இறங்கினாலும் பம்புக்குப் பெரிய எதிர்ப்புத் தெரிவதில்லை. உங்கள் கண்தான் அலாரம். மணிக்கொரு முறை போர்வையை விலக்கி இடத்தைப் பாருங்கள், எதிர்க் கையோடு ஒப்பிட்டுத் தொடுங்கள். விரல் நுனிகள் தெரியும்படி ஒட்டுங்கள், பிளாஸ்டரைச் சுற்றிலும் வளையமாகப் போடாதீர்கள். கால்சியமும் டோபமினும் ஓடும் லைனில் இன்னும் நெருக்கமாகக் கண் வையுங்கள். வீங்கினால் உடனே நிறுத்தி, வென்ஃபிளானை எடுக்கும் முன் அதன் வழியாகவே உள்ளே இருப்பதை மெல்ல இழுத்துப் பார்த்து, பிறகு எடுத்து, கையை உயர்த்தி வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாமதிக்காமல் கூப்பிட்டால் அதற்கு மருந்து உண்டு. நீங்களாக ஒத்தடம் கொடுக்க வேண்டாம்.

ரத்தம் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 80 முதல் 90 மில்லி. அதில் 1 மில்லி என்பது நூற்றில் ஒரு பங்குக்கு மேல். லேபிள் ஒட்ட மறந்து, மாதிரியைத் திரும்ப எடுப்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

30 வாரத்தில் பிறந்த என் மகள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். சிஸ்டர்கள் மூன்று மணி நேரத்துக்கொரு முறை பால் கேட்கிறார்கள். எனக்கு நாலு சொட்டுதான் வருகிறது. கொடுக்கவே வெட்கமாக இருக்கிறது.
— ஒரு தாய், புதுக்கோட்டை

கொடுங்கள் தங்கையே, அந்த நாலு சொட்டையும் கொடுங்கள். அது சீம்பால். உங்கள் மகளின் வயிற்றுக்கு இப்போது ஒரு வேளைக்கு 1 அல்லது 2 மில்லிதான் வேண்டும். சொட்டாக வந்தால் கன்னத்தின் உட்புறம் பக்கத்துக்கு 0.1 மில்லி தடவுவார்கள், அதுவே மருந்துபோல வேலை செய்யும். குழந்தை சப்பாத வரைக்கும் உங்கள் மார்புக்குக் கட்டளை கொடுப்பது உங்கள் கைதான். 24 மணி நேரத்தில் 8 முறையாவது எடுக்க வேண்டும், இரவில் ஒரு முறையாவது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் விளிம்புக்குப் பின்னால் கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் விரலை வழுக்கி இழுத்தால் புண்ணாகும். குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த உடனே எடுத்தால் கூடுதலாக வரும். பாட்டிலில் உங்கள் பெயர், மருத்துவமனை எண், தேதி, மணி எல்லாம் இருக்கட்டும். வெளியில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 24 மணி நேரம். உங்கள் பால் போதவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேளுங்கள், தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது.

கங்காரு முறையில் நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தபோது 28 நாளுக்குள் இறப்பு நூற்றுக்கு 15.7இலிருந்து 12ஆகக் குறைந்தது. சுமார் 32 வாரக் கணக்கு வந்ததும் பாலாடையில் கொடுத்துப் பார்ப்பார்கள். பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் வைத்து, அவளே நக்கிக் குடிக்கும் அளவுக்குத்தான் சாய்க்க வேண்டும், ஊற்றினால் புரையேறும். 34 வாரத்தை ஒட்டி நேரடியாக மார்பில் போடலாம்.

தாலுகா மருத்துவமனையிலிருந்து குழந்தையை மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— ஸ்டாஃப் நர்ஸ், திருவண்ணாமலை மாவட்டம்

வண்டி கிளம்பும் முன் செய்ததுதான் வழியில் கைகொடுக்கும். சுகர், சூடு, மூச்சுப்பாதை, லைன் நான்கையும் சரிசெய்யாமல் அவசரப்பட்டு ஏற்றினால் குழந்தை குளிர்ந்து, சுகர் விழுந்துதான் போய்ச் சேரும். இரண்டு லைன் இருந்தால் நல்லது. வயிற்றைக் காலிசெய்து ட்யூபைத் திறந்து வையுங்கள். மாஸ்க் 0, 1 இரண்டு அளவும், பேக், சக்‌ஷன், 2.5, 3, 3.5 மூச்சுக்குழாய் ட்யூப்களும் கையெட்டும் தூரத்தில்.

ஆக்சிஜனைக் கணக்குப் போடுங்கள். நிறைந்த பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால் 187 நிமிடம், சுமார் 3 மணி நேரம். முள் பாதியில் நின்றால் ஒன்றரை மணி. பயண நேரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ரயில்வே கேட்டும் மழையும் நம்மைக் கேட்டு வருவதில்லை. சூட்டுக்காக வெந்நீர்ப் பையை உடம்போடு வைக்காதீர்கள், சுட்டுவிடும். மூச்சு நிலையாக உள்ள குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போவது எந்தப் பெட்டிக்கும் குறைந்ததல்ல. அம்மா வர முடியாவிட்டால் அவரது ரத்த மாதிரியும், எடுத்த பாலும், கைபேசி எண்ணும் வண்டியில் ஏற வேண்டும். போய்ச் சேரும் இடத்துக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து, குழந்தையின் எடையையும் எந்த மூச்சு உதவியில் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். அங்கே வார்மர் சூடாகக் காத்திருக்கும்.

டெக்சஸில் மூன்று ஆண்டாக என்ஐசியுவில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. ட்ராவல் நர்ஸாகப் போக ஆசை. ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?
— வாசகர், ஹூஸ்டன்

ட்ராவல் நர்ஸ் என்றால் ஏஜென்சி வழியாகக் குறுகிய காலத்துக்கு ஊர் மாறி வேலை பார்ப்பவர். பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம், வாரத்துக்கு 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று. ஏஜென்சி சொல்லும் வாரச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அதைப் பிரித்துக் கேளுங்கள்: வரி பிடிக்கும் மணிச் சம்பளம் எவ்வளவு, வீடு–சாப்பாட்டுப் படி எவ்வளவு. படிக்கு வரி இல்லை என்பது, உங்களுக்கு நிலையான ஊர் ஒன்றில் உண்மையான வீட்டுச் செலவு தொடரும்போதுதான் பொருந்தும். ஹூஸ்டன் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றினால் அந்தப் படியும் வரிக்குள் வந்துவிடும். ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் இருந்தாலும் அப்படியே. கையெழுத்துப் போடும் முன் இந்தத் துறை தெரிந்த வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

அடுத்தது உறுதி செய்யப்பட்ட மணி நேரம். குழந்தைகள் குறைந்த நாளில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் ட்ராவலர்தான். 36 மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்றும், வாரத்தில் எத்தனை ஷிஃப்ட் அவர்கள் ரத்துசெய்யலாம் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தமே பாதியில் ரத்தானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்துவிட்டு வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். 13 வாரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு நான்காம் வாரம் நிற்பவர்கள் உண்டு. வேறு வார்டுக்கு மாற்றி அனுப்பினால் எங்கெங்கே என்பதும் வேண்டும்: லெவல் 2 நர்சரிக்குப் போகலாம், குழந்தைகள் ஐசியுவில் பத்து வயதுப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னால் நீங்கள் மறுக்கும் உரிமை காகிதத்தில் இருக்கட்டும்.

உரிமம்: டெக்சஸ் கூட்டு உரிம ஒப்பந்தத்தில் இருப்பதால் அதில் சேர்ந்த மற்ற மாநிலங்களில் தனி உரிமம் வேண்டாம். கலிஃபோர்னியா அதில் இல்லை, தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பொறுமையும் வேண்டும். ஆனால் அங்கே என்ஐசியுவில் ஒரு செவிலியருக்கு இரண்டு குழந்தைக்கு மேல் கூடாது என்பது சட்டம். என்ஆர்பி (பிறந்த குழந்தைக்கு உயிர்மீட்பு) சான்றிதழ் காலாவதியாகாமல் வையுங்கள். இரண்டு ஆண்டும் 2,000 மணி நேரமும் முடித்திருந்தால் ஆர்என்சி–என்ஐசி என்னும் என்ஐசியு சிறப்புச் சான்றிதழ் தேர்வு எழுதலாம்.

திறன் பட்டியலை நிரப்பும்போது பெரிதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். ஆஸிலேட்டரை (அதிவேக வென்டிலேட்டரை) எப்போதோ ஒருமுறை பார்த்ததை 'தனியாகக் கையாள்வேன்' என்று டிக் செய்தால், இரண்டாம் இரவே ஆஸிலேட்டர் குழந்தையை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். ட்ராவலருக்கு அறிமுகப் பயிற்சி பல இடங்களில் ஒன்றிரண்டு ஷிஃப்ட் மட்டுமே.

நான் மதுரையில் இருக்கிறேன். நேரே அமெரிக்காவில் ட்ராவல் நர்ஸ் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார்.
— வாசகி, மதுரை

கொடுக்காதீர்கள். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்னும் உரிமத் தேர்வு, படிப்பைச் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்று, வேலை தரும் நிறுவனத்தின் வழியாக விசா எல்லாம் வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த விசா வரிசை பல ஆண்டு நீளம். போய்ச் சேர்ந்தாலும் அழைத்த நிறுவனத்தில் ஒப்பந்தக் காலம் முழுக்க வேலை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ட்ராவல்.

வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் கணினித் தேர்வும் உண்டு. இரண்டு ஆண்டு தொடர் என்ஐசியு அனுபவம் இருந்தால் நல்ல வாய்ப்பு. பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போய் ஓஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களை அனுப்புகிறது, முதலில் அங்கே பதியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் வெளியுறவுத் துறையின் இ–மைக்ரேட் தளத்தில் அவரது பதிவைத் தேடுங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

புதிய யூனிட்டில் முதல் இரவு டியூட்டி. முதல் அரை மணியில் என்ன செய்வது?
— வாசகி, மஸ்கட்

உங்கள் இரண்டு குழந்தைகளின் படுக்கையருகே பேக், சரியான அளவு மாஸ்க், ஆக்சிஜன், 80 முதல் 100 மி.மீ. பாதரச அழுத்தத்தில் சக்‌ஷன் நான்கும் வேலை செய்கிறதா என்று உங்கள் கையால் பாருங்கள். யாரைக் கூப்பிடுவது, எந்த பட்டன், எந்த எண் என்று கேளுங்கள். ஹேண்டோவரை (முந்தைய ஷிஃப்ட் ஒப்படைக்கும் விவரத்தை) குழந்தையின் பக்கத்தில் நின்று வாங்குங்கள். ஒவ்வொரு பம்பையும் ஆர்டரோடு ஒப்பிட்டு, லைனைப் பையிலிருந்து தோல் வரை விரலால் பின்தொடருங்கள். மருந்துகளின் கலவை அளவு ஊருக்கு ஊர் மாறும். பழைய யூனிட்டின் கணக்கு மனப்பாடமாக இருப்பதே இங்கே ஆபத்து.

அலகையும் பாருங்கள். நாம் சுகரை மி.கி.யில் படித்தவர்கள். சில நாடுகளில் மில்லிமோல். அங்கே 2.5 என்றால் நம் 45. பிலிருபின் 256 என்று வந்தால் திடுக்கிட வேண்டாம், 17.1ஆல் வகுத்தால் 15. மாற்றும் அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். தாய்ப்பாலைக் கொடுக்கும் முன் பாட்டில் லேபிளையும் குழந்தையின் கைப்பட்டையையும் இருவராகப் படியுங்கள். ஒரு தாயின் பால் இன்னொரு குழந்தைக்குப் போவதை ரத்தம் மாறிப்போன அளவுக்குத் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள்.

குழந்தை இறந்துவிட்டால் பெற்றோரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் விலகிப் போய்விடுகிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது.
— ஸ்டாஃப் நர்ஸ், கோயம்புத்தூர்

பேசுவதற்கு ஒன்றுமில்லை, செய்வதற்கு நிறைய இருக்கிறது. முடிந்தால் உயிர் பிரியும் முன்பே ட்யூப்களைக் குறைத்து, அம்மாவின் மடியில் கொடுங்கள். சுற்றிலும் ஸ்கிரீன் போடுங்கள், மானிட்டர் சத்தத்தை அணையுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். 'இன்னொரு குழந்தை பிறக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பிளாஸ்டர்களை எண்ணெய் தொட்டு மெல்ல எடுத்து, துடைத்து, புதுத் துணியில் சுற்றிக் கொடுங்கள். வேண்டுமா என்று கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் பாதத்தின் அச்சு எடுத்துத் தரலாம். இன்று வேண்டாம் என்பவர் நாளை கேட்பார், ஆகவே கவரில் போட்டு அப்பாவிடம் கொடுத்து வையுங்கள்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அவருக்குப் பால் சுரந்துகொண்டே இருக்கும், மார்பு கட்டி வலிக்கும், அந்த வலி வரும்போதெல்லாம் குழந்தை நினைவு வரும். தனியாக அழைத்துச் சொல்லுங்கள்: வலி தணியும் அளவுக்கு மட்டும் கொஞ்சமாகப் பிழிந்துவிடுங்கள், முழுக்க எடுத்தால் இன்னும் சுரக்கும், இறுக்கிக் கட்டாதீர்கள், குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுக்கலாம், சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே இங்கே வாருங்கள். எந்த நேரத்தில், யாரைக் கேட்டு வர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.